பேப்பர் இல்லாத கார்

கார் வாங்கப் போகிறவர்கள் கையில் காசோடு போவது உலக வழக்கம். லண்டனில் எங்கள் சனம் கூடவே ஓர் ஆளையும் கொண்டு போகும். 'தெரிஞ்ச ஆள்' என்று அவருக்குப் பெயர். குறை சொல்வதுதான் அவருடைய வேலை. கார் பொன்னால் செய்ததாக இருந்தாலும் அவர் அதை இரண்டு தரம் சுற்றி வந்து, ரயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, "ம்ச்" என்று ஒரு சத்தம் போட்டு, மூன்று குறையாவது சொல்லியாக வேண்டும். விற்கிறவருக்கு முன்னால் 'நல்ல கார்' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாரோ, போச்சு! விற்கிறவரிடம் காசு வாங்கிவிட்டார் என்று அடுத்த கலியாணவீட்டில் கதை வந்துவிடும்.

கிழக்கு லண்டனில் தெரிஞ்ச ஆட்களுக்கெல்லாம் பெரிய ஆள் ஆனந்தராஜா. வயது அறுபத்தொன்று. குட்மேய்ஸில் ரயில் பாதையோரம் கராஜ் வைத்திருக்கிறார். ஜேர்மனியில் ஒன்பது வருடம் வேலை பழகிவிட்டு வந்தவர். இதை நீங்கள் கேட்காவிட்டாலும் அவரே சொல்லுவார். முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் கார் பார்த்துக் கொடுக்கிறார், அதற்கென்று ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. நாலு பேர் சுற்றி நின்று தன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு அதுவே போதும். பகிடி விட்டு ஆட்களைச் சிரிக்க வைப்பதிலும் ஆள் விண்ணன். கலியாணவீடு, செத்தவீடு என்ற வித்தியாசமெல்லாம் அவருடைய பகிடிக்குக் கிடையாது.

இன்னொரு பைத்தியமும் அவருக்கு உண்டு. பேப்பர். எந்தக் காருக்குப் பக்கத்தில் போனாலும் முதல் கேள்வி, "பேப்பர் எல்லாம் இருக்கோ?" என்பதுதான். சேர்விஸ் புத்தகம், பற்றுச்சீட்டு, பழைய சொந்தக்காரரின் கடிதம் எல்லாம் வேண்டும். பின்னால் நின்று 'பேப்பரண்ணை' என்றுதான் ஆட்கள் அவரைச் சொல்வார்கள். அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஜேர்மனியில் அவருடைய அகதி வழக்கு ஒரேயொரு கடிதம் இல்லாததால் தோற்றது. "இது இல்லாமல் நீ சொல்வதை எப்படி நம்புவது?" என்று ஓர் அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டான். அன்றிலிருந்து பல் வைத்தியர் கொடுத்த துண்டுச் சீட்டைக்கூட எறியாமல் ஒரு பையில் சேர்த்து அலுமாரிக்குள் வைத்திருக்கிறார். நியாயப்படி அவருக்கு அந்த அதிகாரிமேல் கோபம் வந்திருக்க வேண்டும். எங்கே வந்தது? அவன் இருந்து கேள்வி கேட்ட கதிரைதான் இவருக்குப் பிடித்துப்போனது.

சரி, கதைக்கு வருவோம். நவம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை, தங்கையின் மகன் கிருஷாந்த் ஹவுன்ஸ்லோவிலிருந்து போன் எடுத்தான். முப்பத்தொரு வயது, விமான நிலையத்தில் வேலை. ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும் என்று இரண்டு வருடமாகப் புலம்பிக்கொண்டிருப்பவன்.

"மாமா, ஒரு கிட் கார் பாத்து வைச்சிருக்கிறன். தோர்ண்டன் ஹீத்தில நிக்குது. ஞாயிற்றுக்கிழமை வருவீங்களோ?"

கிட் கார் என்றால் கடையில் முழுதாக நிற்கிற கார் இல்லை. அடிச்சட்டமும் வெளியுடம்பும் பெட்டி பெட்டியாக வரும். எஞ்சினை ஏதாவது பழைய காரிலிருந்து கழற்றி எடுத்து, வாங்கியவர் தானே எல்லாவற்றையும் பூட்டிக்கொள்ள வேண்டும். எந்த வருடத்து வண்டி என்று சொல்ல முடியாவிட்டால் கியூ எழுத்தில் தொடங்குகிற இலக்கம் கொடுப்பார்கள். இந்தக் காருக்கும் அப்படித்தான்.

"ஆற்ற கார் மருமோன்?"

"தேவராசா எண்டு ஒரு அங்கிள் செய்தது. பஸ் ஓடினவராம். ஏழு மாசத்துக்கு முன்னம் செத்துப்போனார். மகள்தான் விக்கிறா."

ஆனந்தராஜாவுக்கு ஆளைத் தெரியும். செத்தவீட்டுக்கும் போய், வரிசையில் நின்று சவப்பெட்டிக்குள் பூப் போட்டுவிட்டு வந்தவர். அதற்கும் முன்னால், இற்றைக்கு ஐந்து வருடத்துக்கு முந்தி ஒருநாள் தேவராசா குட்மேய்ஸுக்கே வந்திருக்கிறார். இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் மாறி, காரைப் பூட்டிய விபரமெல்லாம் அடுக்கிய ஒரு தடித்த நீல மட்டைப் பைலோடு வந்து, கராஜ் வாசலில் நின்றார். "அண்ணை, கார் பூட்டி முடிச்சிட்டன். அரசாங்கச் சோதனைக்குக் கொண்டு போக முன்னம் நீங்கள் ஒருக்கா இதைப் பாத்து, சரியோ பிழையோ எண்டு சொல்லுங்கோ" என்றார். கராஜில் அப்போது நாலைந்து பேர் நின்றார்கள். விடுவாரா ஆனந்தராஜா? "உமக்கேன் ஐசே ரேஸ் கார்? முதல்ல அந்தப் பஸ்ஸை நேரத்துக்குக் கொண்டு போய் விடும்!" எல்லோரும் சிரித்தார்கள். தேவராசாவும் சிரித்தார். ஒன்றரை மணி நேரம் ஒரு பழைய ரயரின்மேல் பைலை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, "நீங்கள் பிசி போல அண்ணை, பேந்து வாறன்" என்று போய்விட்டார். பிறகு வரவேயில்லை. கார் முதல் தரத்திலேயே சோதனை பாஸ் பண்ணியது என்று யாரோ சொன்னார்கள். "அதிர்ஷ்டம்" என்றார் ஆனந்தராஜா.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாமனும் மருமகனும் தோர்ண்டன் ஹீத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாடிக் குடியிருப்புக்குப் பின்னால் வரிசையாகப் பன்னிரண்டு கவுன்சில் கராஜுகள், கார் நிறுத்த நகரசபை வாடகைக்குக் கொடுக்கிற பெட்டி அறைகள். அரைவாசிக்குக் கதவே இல்லை. இருந்த கதவுகளில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. ஏழாவது கதவுக்கு முன்னால் தேவராசாவின் மனைவி நகுலேஸ்வரி தடித்த கோட்டும் கம்பளித் தொப்பியுமாக நின்றாள். கையில் தேத்தண்ணி பிளாஸ்க். பக்கத்தில் மகள் கோசிகா, இருபத்தாறு வயது, மருந்துக்கடையில் வேலை. இங்கே பிறந்தவள், ஆனாலும் தமிழ் நன்றாகவே வரும்.

"வாங்கோ அண்ணை. நீங்கள் வருவீங்கள் எண்டு தம்பி சொன்னவுடனை எனக்கு நிம்மதியாப் போச்சு" என்றாள் நகுலேஸ்வரி. "அவர் உங்களைப் பற்றித்தான் எப்பவும் சொல்லுவார். காரைப் பற்றி ஆனந்தண்ணைக்குத் தெரியாதது ஒண்டும் இல்லை எண்டு."

ஆனந்தராஜா அதை மரியாதையாக ஏற்றுக்கொண்டார். அவருக்கு இப்படிப்பட்ட வார்த்தை காதில் விழுந்தால் தோள் இரண்டு அங்குலம் உயரும்.

கோசிகாதான் விஷயத்தைச் சொன்னாள். மாதக் கடைசியோடு இந்தக் கராஜுகளை இடிக்கப் போகிறார்கள். காரை வைக்க வேறு இடமில்லை. விளம்பரம் போட்டு மூன்று மாதம் ஆகிறது, பைல் இல்லை என்றவுடன் ஒருவரும் வந்துகூடப் பார்ப்பதில்லை. ஒருவன் மட்டும் செவ்வாய்க்கிழமை வருகிறான். வந்து, எல்லாவற்றையும் கழற்றித் துண்டு துண்டாக விற்பானாம். "அப்பா பதினொரு வருசமாப் பூட்டினது அங்கிள். கழட்ட விட எனக்கு விருப்பமில்லை. ஓடுற ஆளிட்டைக் குடுக்க வேணும். விலையைப் பற்றிக் கவலையில்லை."

"மாமா நல்லது எண்டு சொன்னா நான் இண்டைக்கே எடுக்கிறன்" என்றான் கிருஷாந்த்.

ஆக, எல்லாம் ஆனந்தராஜாவின் ஒரு சொல்லில் வந்து நின்றது. நல்ல கார் என்று அவர் சொன்னால் அது ஓடும். சொல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை துண்டு துண்டாகப் போய்விடும். அவ்வளவுதான் விஷயம்.

கதவைத் தூக்கினார்கள். இரண்டு பேர் மட்டும் இருக்கிற, கூரையில்லாத, நீண்ட மூக்குள்ள பச்சை நிறக் கார். இடுப்பளவு உயரம்கூட இல்லை. கிருஷாந்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முதல் தரம் பெண் பார்க்கப் போனபோதுகூட அவன் இப்படி நிற்கவில்லை.

சாதாரணக் காரைப் பார்க்கும்போது செய்த கொம்பனியின் பெயர் கொஞ்சம் கைகொடுக்கும். கிட் காரில் அது இல்லை. யார் பூட்டினார், எதைப் பூட்டினார், எப்படிப் பூட்டினார் என்று சொல்லப் பூட்டினவருடைய பைல்தான் வேண்டும். வருடாந்தச் சோதனை விபரம் இணையத்தில் இருக்கிறதுதான், ஆனால் அது அன்றைக்குப் பாஸ் என்று மட்டுமே சொல்லும். பைல் இல்லாவிட்டால் ஒரே வழிதான். நிலத்தில் படுத்து, கண்ணால் பார்த்து, கையால் தடவி, காரிடமே கேட்க வேண்டும். அதற்குத் திறமை வேண்டும், நேர்மையும் வேண்டும். ஆனந்தராஜாவிடம் திறமைக்குக் குறைவில்லை.

முதலில் எஞ்சின் மூடியில் கையை வைத்துப் பார்த்தார். குளிராக இருந்தது. குறையை மறைக்க, அவர்கள் வருமுன் ஓடவிட்டுச் சூடாக்கி வைக்கவில்லை. திறப்பைத் திருப்பியதும் முதல் தரத்திலேயே எஞ்சின் பிடித்தது. புகையில்லை, சத்தத்தில் பிசகில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு மட்டைப் பெட்டியை விரித்துப் போட்டு, ரோச் லைற்றோடு கீழே படுத்தார்.

கீழே என்ன கண்டார் என்று கேளுங்கள். சட்டத்தில் ஒரு நெளிவு இல்லை, ஒரு பொட்டுத் துருவில்லை. பிறேக் குழாய்களை நாலு விரல் இடைவெளிக்கு ஒரு கிளிப்பாக, அளந்து வைத்ததுபோல் பிடித்திருந்தது. ஒவ்வொரு நட்டுக்கும் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு. நட் கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கோடும் விலகவில்லை. வயர்களில் சின்னச் சின்னத் துண்டு ஒட்டி, அழகான தமிழ்க் கையெழுத்தில் 'வலது பின் லைற்', 'ஹோர்ன்', 'விசிறி' என்று எழுதியிருந்தது. ஓரிடத்தில், 'தேவா, இதை இன்னொருக்காச் செக் பண்ணு' என்று தனக்குத்தானே எழுதி, அதற்குக் கீழே 'பண்ணியாச்சு' என்றும் எழுதியிருந்தார் அந்த மனுசன்.

ஆனந்தராஜா அங்கேயே கொஞ்ச நேரம் கிடந்தார். உள்ளதைச் சொன்னால், அவருடைய வயிறு எரிந்தது. முப்பது வருடமாகக் கராஜ் வைத்திருக்கிற அவர் தன் கையால் இப்படி ஒரு வேலை செய்ததில்லை. அவசரம், வாடிக்கையாளர், வாடகை என்று எத்தனையோ சாட்டு. இது பஸ் ஓடினவனின் வேலை. வேலை முடிந்து வந்து, இந்தக் குளிர்ப் பெட்டிக்குள் தனியாக நின்று செய்த வேலை. சந்தோசப்பட வேண்டிய இடத்தில் அவருக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடுதான் வெளியே வந்து எழும்பினார்.

மூன்று பேரும் அவருடைய வாயைப் பார்த்தார்கள்.

"ம்ச்" என்றார்.

கிருஷாந்தின் முகம் வாடியது. ஆனந்தராஜா காலால் ரயரைத் தட்டினார். "மூக்கில ஒரு கீறல் கிடக்கு. சீற்றுத் தையல் விடப் போகுது. இந்தப் பச்சை நிறம் விக்கேக்க விலை போகாது." மூன்று குறை. சடங்கு முடிந்தது.

"விலையைக் குறைக்கலாம் அங்கிள், அது பறவாயில்லை" என்றாள் கோசிகா. "எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. அப்பா நல்லாப் பூட்டியிருக்கிறாரோ?"

நேரான கேள்வி. அதற்கு நேரான பதில் ஒன்று அவருடைய நாக்கின் நுனியில் நின்றது. ஒரு 'ஓம்' சொல்ல எத்தனை வினாடி வேண்டும்? ஆனால் விற்கிறவர்களுக்கு முன்னால் ஓம் சொல்லிப் பழகாத வாய் அது.

"அது பேப்பர் இருந்தாத்தானே பிள்ளை சொல்லலாம். எஞ்சின் எங்கத்தையது? சட்டத்தை ஆர் வெல்டிங் வைச்சு ஒட்டினது? ஒண்டும் தெரியாது. பைல் எங்கை?"

"பைல் இல்லை அங்கிள். இப்பதானே சொன்னனான். விளம்பரத்திலயும் போட்டிருக்கு."

"ஏன் இல்லை? பதினொரு வருசம் பூட்டின மனுசன் ஒரு பைல் வைச்சிருக்க மாட்டாரோ?"

தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆனந்தராஜா அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டார். கையில் பைல் வைத்திருந்த தேவராசா தன் கராஜ் வாசலில் நின்றது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. நினைவிருந்தும் வாய் நிற்கவில்லை. அவருக்குள் அந்தப் பழைய ஜேர்மன் அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து இருந்துவிட்டான்.

"பாத்தியோ மருமோன்? இதுதான் பாடம். பேப்பர் இல்லை எண்டு சொல்லுற இடத்தில ஏதோ ஒளிக்க இருக்கும். களவெடுத்த எஞ்சினா இருக்கும், அடிபட்ட சட்டமா இருக்கும். சும்மாவே பேப்பர் துலையும்? செத்த மனுசனைப் பற்றிக் கதைக்கக்கூடாது, எண்டாலும் பஸ் ஓடின சம்பளத்தில இப்பிடி ஒரு கார்…" என்று இழுத்தார்.

நகுலேஸ்வரி பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. கண் நிறைந்தது. "அவர் ஒருத்தற்ற ஒரு ஆணிகூட எடுக்க மாட்டார் அண்ணை" என்று மட்டும் சொன்னாள்.

கோசிகா இரண்டு அடி முன்னால் வந்தாள். "பைல் இருந்தது அங்கிள். எரிஞ்சுபோச்சு."

"எங்கை, வீட்டிலயோ?"

"இல்லை. அப்பாவோட. பெட்டிக்குள்ள வைச்சு விட்டனாங்கள்."

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். போகிறவருக்குப் பிடித்ததைப் பெட்டிக்குள் வைத்து அனுப்புவோம். பட்டுச் சேலை வைப்பார்கள், மூக்குக்கண்ணாடி வைப்பார்கள், வெற்றிலைப் பெட்டி வைத்தவர்களும் உண்டு. தேவராசாவுக்கு அந்தப் பைல்.

கிருஷாந்த் "ஐயோ, சொறி, மன்னியுங்கோ" என்றான். ஆனந்தராஜா எதையாவது சொல்லிச் சமாளிக்கத் தொண்டையைச் செருமினார். கோசிகா அவருக்கு இடம் கொடுக்கவில்லை.

"நீங்கள் அதைப் பாத்தனீங்கள் அங்கிள். உங்களுக்கு மறந்துபோச்சோ? பூப் போட வந்தனீங்கள். அப்பாவின்ர கைக்குக் கீழ நீலப் பைல் இருந்தது. நான் பெட்டிக்குப் பின்னால நிண்டனான். நீங்கள் பக்கத்தில நிண்ட ஆளிட்டை ஒண்டு சொன்னனீங்கள். அவர் சிரிச்சவர். பின்னால நிண்ட ரெண்டு பேரும் சிரிச்சவை."

ஆனந்தராஜாவுக்கு இரத்தம் முழுவதும் முகத்துக்கு ஏறியது. மறந்துதான் போயிருந்தார். ஒரு நாளைக்கு இருபது பகிடி விடுகிற மனுசன், ஏழு மாதத்துக்கு முந்தியதை எங்கே நினைவில் வைப்பார்? இப்போது அது முழுதாக, ஒரு சொல் குறையாமல் வந்து நின்றது. அன்று பக்கத்தில் நின்றவர் கூட்டாளி கிறிஸ்துராஜா. சிரிப்பை அடக்க அவர் கைக்குட்டையை வாயில் வைத்ததுகூட நினைவுக்கு வந்தது. இருமுகிறார் என்று வீட்டுக்காரர்கள் நினைத்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டுதான் அன்று வீட்டுக்குப் போயிருந்தார்.

"என்ன பிள்ளை சொன்னவர்?" என்று நகுலேஸ்வரி கேட்டாள். அவளுக்குத் தெரியாது. மகள் ஏழு மாதமாகத் தாயிடம் சொல்லவில்லை.

"நான் சொல்லமாட்டன் அம்மா. அங்கிளே சொல்லட்டும்."

"பிள்ளை, அது சும்மா…"

"சொல்லுங்கோ அங்கிள். அண்டைக்கு எல்லாருக்கும் கேக்கத்தானே சொன்னனீங்கள். அம்மாவுக்கும் சொல்லுங்கோ."

அவர் மருமகனைப் பார்த்தார். கிருஷாந்த் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாமாவின் பகிடிக்குப் பதினைந்து வயதிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தவன் அவன். நிலம் பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொண்டால் நல்லது என்று ஆனந்தராஜாவுக்கு இருந்தது. லண்டனில் நிலம் அப்படி இலேசில் பிளந்து கொடுக்காது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

"தங்கச்சி," என்றார். குரல் வரவில்லை. மறுபடியும் தொடங்கினார். "தங்கச்சி, நான் சொன்னது… 'தேவராசா மேல போயும் அகதி அசைலம் அடிக்கப் போறார் போல. பேப்பர் எல்லாம் வடிவா அடுக்கிக்கொண்டு போறார்.' இதுதான் சொன்னனான்."

ஒரு பகிடியைச் சிரிக்க ஆளில்லாத இடத்தில் சொல்லிப் பாருங்கள். அதன் உண்மையான முகம் அப்போது தெரியும். அவருடைய சொந்த வாயிலிருந்து வந்த அந்த இரண்டு வசனமும் காலடியில் அழுக்குத் துணிபோல விழுந்து கிடந்தன. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது அவருக்கு.

நகுலேஸ்வரி பிளாஸ்க்கை நிலத்தில் வைத்தாள். கோட்டுப் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டாள்.

"அதை வைச்சது நான்தான் அண்ணை, பிள்ளை இல்லை" என்றாள். "பதினொரு வருசமும் அந்தக் காரோட எனக்குச் சண்டை. லீவு நாள் முழுக்க இதுக்குள்ளதான் நிப்பார். பைலை மேசையில வைச்சா எடுத்துக் கீழ போடுவன். 'இதை ஒருக்காத் திறந்து பாரும் நகுலா' எண்டு எத்தினை தரம் கேட்டிருப்பார். ஒருநாளும் நான் திறக்கேல்லை."

கோசிகா தாயின் முதுகில் கையை வைத்தாள்.

"பெட்டிக்குள்ள வைக்கலாமோ எண்டு தகனம் செய்யிற ஆக்களிட்டைக் கேட்டம். பிளாஸ்டிக் எரிக்க விடமாட்டம், பேப்பர் மட்டும் எண்டால் வைக்கலாம் எண்டு சொன்னவை. அவர் ஒவ்வொரு பக்கத்தையும் பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு வைச்சிருந்தார். இருநூற்றி நாப்பது உறை. நானும் பிள்ளையும் இருந்து ஒவ்வொண்டாக் கழட்டினனாங்கள். அப்பதான் அண்ணை முதல் முதல் பாத்தனான். ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் திகதி. ஆணி வாங்கின துண்டுகூட ஒட்டி வைச்சிருந்தார். பாத்தாப்போலதான் எனக்குத் தெரிஞ்சது, மனுசன் என்ன செய்திருக்கிறார் எண்டு. ஆரிட்டைச் சொல்லுறது? சொல்ல ஆள் இல்லை. அவரிட்டையே குடுத்துவிட்டன்."

சொல்லி முடித்துவிட்டு, "தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ" என்று நாலு கப்பில் ஊற்றினாள். அந்தப் பெண் ஓர் அறை விட்டிருந்தால் ஆனந்தராஜாவுக்கு இலேசாக இருந்திருக்கும். தேத்தண்ணி அல்லவா கொடுத்தாள். அவர் வாங்கினார். ஒரு வாய் குடித்தார்.

கிருஷாந்த் தலையை நிமிர்த்தாமலே கேட்டான். "மாமா, பகிடி ஒண்டும் வேண்டாம். நல்ல காரோ, கூடாத காரோ?"

ஆனந்தராஜா கப்பைக் கீழே வைத்தார். "பிள்ளை, எழுதுறதுக்குக் கொஞ்சக் கடதாசி இருக்கோ?" என்று கோசிகாவைக் கேட்டார். அவள் தன் காரிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து நீட்டினாள். அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. மன்னிப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

மறுபடியும் அந்த மட்டைப் பெட்டியில் படுத்தார். இந்தத் தரம் இரண்டரை மணி நேரம். முழங்கால் உளைந்தது, முதுகு விறைத்தது, மூக்கு ஒழுகியது. எழும்பவில்லை. சட்டத்தை முன்னாலிருந்து பின்னால் வரை கையால் தடவிப் பார்த்து எழுதினார். மஞ்சள் கோடுகளை எண்ணி எழுதினார். எஞ்சின் இலக்கத்தைப் பார்த்து எழுதி, போனில் இருந்த லொக் புத்தகத்தின், அதாவது பதிவுப் பத்திரத்தின், படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக் கிருஷாந்தைக் கேட்டார். பொருந்தியது. களவெடுத்த எஞ்சின் என்று சற்று முன்னர் சொன்ன வாய்தான் இப்போது அந்த இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசித்தது. தெரியாததைத் தெரியாது என்றே எழுதினார். சட்டத்தை ஒட்டியவர் யார் என்று தெரியாது, ஒட்டு நல்ல ஒட்டு என்று எழுதினார். ஒரு பின்சில்லைத் தாங்குகிற றபர் துண்டில் வெடிப்பு விழத் தொடங்கியிருந்தது. அதையும் எழுதினார். அது ஒன்றுதான் அந்தக் காரில் இருந்த உண்மையான குறை. முதலில் சொன்ன மூன்றில் அது இருக்கவில்லை.

ஒன்பது பக்கம் வந்தது. வெளியே வந்து, எண்ணெய் படிந்த கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, முதல் பக்கத்தின் தலையில் பெரிதாக எழுதினார்: 'செய்தவர்: தேவராசா.'

கிருஷாந்த் வாசித்துப் பார்த்துவிட்டு, "கேட்ட விலைக்கே எடுக்கிறன் அன்ரி. கழட்ட விடமாட்டன்" என்றான். கோசிகா தலையை ஆட்டினாள். போனை எடுத்து, செவ்வாய்க்கிழமை வர வேண்டாம் என்று அந்த ஆளுக்கு எழுதி அனுப்பினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கதவுப் பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

"இங்கிலிஸில எழுதியிருக்கிறீங்கள் அண்ணை. கடைசியில என்ன போட்டிருக்கிறீங்கள்?" என்று நகுலேஸ்வரி கேட்டாள்.

ஆனந்தராஜா கடைசிப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னார். "நல்ல கார். முப்பது வருசத்தில நான் இப்பிடி ஒரு வேலை பாக்கேல்லை. என்னாலயும் இப்பிடிச் செய்ய ஏலாது. அப்பிடித்தான் தங்கச்சி எழுதியிருக்கிறன்."

நகுலேஸ்வரி கிட்ட வந்து அந்தக் கடதாசியைப் பார்த்தாள்.

"அண்டைக்கு உங்கட கராஜுக்கு வந்திட்டுத் திரும்பி வரேக்க அவர் ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. 'ஆனந்தண்ணை பிசி' எண்டு மட்டும் சொன்னார்" என்றாள். "இதை நீங்கள் அண்டைக்கு அவரிட்டைச் சொல்லியிருக்கலாமே."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி போதுமோ என்று கேட்கிற அதே குரலில்தான் சொன்னாள். ஆனந்தராஜா குனிந்து, காரின் மூக்கில் கடதாசியை வைத்து, அடியில் கையெழுத்துப் போட்டார். பிறகு அன்றைய திகதியைப் போட்டார். அது ஐந்து வருடம் பிந்தியிருந்தது.